கங்காணி இல்லாத மலை

எங்கள் தோட்டத்துத் தேயிலை மலைகளைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று ஒப்படைத்துவிடுவார்கள். புல் எடுப்பது, உரம் போடுவது, கொழுந்து கிள்ளுவது எல்லாம் அவர்கள் பாடு. பச்சைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் போதும். பக்கத்துத் தோட்டங்களில் ஏற்கெனவே தொடங்கியாயிற்று. எனக்குப் பிறகு கங்காணியாக வந்த ஜெயந்தி போன மாதம் வீட்டுக்கு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள்.

“இனிமே மலைக்குக் கங்காணியே வேணாமாங்க்கா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம்.

“என் பொழப்பு போவப் போவுதுங்கிறேன், நீங்க பல்லக் காட்டுறீங்களே!”

“உன் பொழப்ப நெனச்சுச் சிரிக்கலடி. இதே பேச்ச முந்தி ஒரு மனுசன் எங்கிட்ட சொன்னாரு. அவரு சொன்ன காரணமே வேற. அது ஞாபகம் வந்துருச்சு.”

யார், என்ன, எதற்கு என்று அவள் விடவில்லை. மறுவாரம் மாதர் சங்கக் கூட்டத்திலும் அதே பேச்சு. கோயில் திருவிழாவுக்குச் சிறப்பு மலர் வெளியிடுகிறோம், நீங்கள் அதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல காலமாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மலைக்குப் போனவள். கொழுந்து கிள்ளக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விரல் வெடிக்கும், அட்டை கடிக்கும், பிறகு பழகிவிடும். எல்லோரையும் போலக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், லயம் என்கிற வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பரா. இப்படியே நரை தட்டும்வரை போனது. அந்த நேரம் எங்கள் டிவிசனில் பெண்களுக்குப் பெண்ணே கங்காணியாக இருந்தால் என்ன என்று ஒரு பேச்சு எழுந்தது. பெரட்டில் பெயர்களைக் கேட்டபோது, “நம்ம சரோஜாவப் போடுங்க, அவ வாய்க்குப் பயந்தே வேலை நடக்கும்” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அப்படித்தான் எனக்கு அந்தப் பதவி வந்தது. காலையில் எல்லோரையும் கூட்டி வைத்து வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டுக் களத்திலேயே ஒரு கறுப்புக் குடையையும் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு மழையே இல்லை. ஆனாலும் வீடுவரை குடையை விரித்தபடியேதான் போனேன்.

கங்காணி வேலை என்றால் அதட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதட்டல் கடைசி. முதல் வேலை நிரை கொடுப்பது. இரண்டு வரிசைத் தேயிலைக்கு நடுவே ஒருத்தி நடந்து போகும் பாதைதான் நிரை. மலை அடிவாரத்தில் எல்லோரையும் நிறுத்தி, இந்த நிரை உனக்கு, அந்த நிரை அவளுக்கு என்று சொல்ல வேண்டும். கேட்க எளிது. ஒரு நிரை தளதளவென்று இருக்கும், பக்கத்து நிரை கல்லும், தண்ணீர் ஓட வெட்டிய கானுமாக இருக்கும். நாத்தனாரையும் அண்ணியையும் அடுத்தடுத்து நிறுத்தினால் மதியத்துக்குள் சண்டை. மாசமாக இருப்பவளைக் கான் ஓரத்தில் விடக் கூடாது. ஒருத்திக்குக் கொடுத்த நிரையை மாற்றவும் கூடாது. அடுத்த சுற்றுக்கு இதே மலைக்கு வரும்போது அவள் அதே நிரையில்தான் நிற்பாள். போன சுற்றில் முற்றல் இலையை ஒடிக்காமல் விட்டிருந்தால், இந்தச் சுற்றில் அவளுடைய கைதான் அதில் சிக்கித் திண்டாடும். அதனால் யாரும் சொல்லாமலே அவரவர் நிரையை அவரவர் சுத்தமாக வைத்திருப்பார்கள்.

செடியின் தலை மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க மட்டக்கம்பு உண்டு. நீளமான ஒரு குச்சி, அவ்வளவுதான். செடிகளின் மேல் படுக்கப் போட்டால் ஆடாமல் கிடக்க வேண்டும். கம்புக்கு மேலே தலைநீட்டுகிற குருத்தை மட்டும் கிள்ளலாம். நாளுக்கு மூன்று முறை நிறுவை. மழை நாளில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துவிட்டு எழுதுவார்கள். சொன்ன நிறைக்கு எடுத்தவளுக்கு முழு நாள் சம்பளம், அதை நாங்கள் ஒரு பேர் என்போம். குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மாலைவரை மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் விழுந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

நான் கங்காணியாகி ஊறிப்போயிருந்த நேரத்தில்தான் எங்கள் டிவிசனுக்கு தேவசகாயம் ஐயா கண்டாக்காக வந்தார். மலை வேலைகளையெல்லாம் மேற்பார்க்கிறவர் கண்டாக்கு. எங்களுக்கும், தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கும் நடுவே இருக்கிற பெரிய தலை. ஒல்லியான ஆள், மீசை இல்லை. முதல் நாள் பெரட்டில் அவர்தான் முதலில் எங்களுக்கு வணக்கம் சொன்னார். பதில் வணக்கம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டாம் நாள், “என்னைய ஐயான்னு கூப்பிடாதீங்க” என்றார். பாக்கியம் என்றொருத்தி, எங்கள் மலையில் அவளைப்போல் வேகமாகக் கொழுந்தெடுக்க ஆளில்லை, அவள் உடனே, “சரிங்கண்ணே” என்றாள். மனுசன் ஒரு கணம் ஆடிப்போய்விட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் ஐயா என்றே வைத்துக்கொண்டோம்.

இன்னொரு பழக்கம். கையில் குடை இருக்கும், ஆனால் பெண்கள் நனைந்துகொண்டு நிற்கிற மலைக்கு வந்தால் அதை மடக்கிவிடுவார். எங்கள் ஊர் மழை யாருடைய கொள்கைக்கும் பயந்ததில்லை. அவருக்கு வருசம் பூராவும் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வரப்போகிற நல்ல உலகத்தைப் பற்றிப் பேசுவார். அந்த உலகத்தில் ஒருத்தரை ஒருத்தர் விரட்டமாட்டார்கள், யாருக்குப் பின்னாலும் யாரும் கம்போடு நிற்கமாட்டார்கள், எல்லோருக்கும் ஒரே நிறை. அவருடைய அப்பா அந்தக் காலத்துப் பெரிய கங்காணி. அவர் வரும் சத்தம் கேட்டாலே லயம் அடங்கிவிடுமாம். அதைப் பார்த்துக் கூசி வளர்ந்தவர் இவர்.

ஒரு நாள் நிறுவை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“சரோஜா, எனக்கு ஒரு ஆசை. கங்காணியே இல்லாத மலை ஒண்ணு நடத்திக் காட்டணும். ஒங்க செட்டுலதான் தொடங்கலாம்னு இருக்கேன்.”

“அப்ப நான் எங்க போறதுங்க ஐயா?”

“நீயும் எல்லாரோடயும் சேந்து கொழுந்தெடு. கங்காணிச் சம்பளம் ஒனக்குக் கொறையாது. வெரட்டுற வேலதான் இருக்காது.”

எங்கள் பரம்பரையில் குடை வாங்கிய முதல் பெண் நான். அதை நல்ல உலகம் என்ற பெயரில் மடக்கச் சொல்கிறாரே என்று வீட்டில் வந்து திட்டித் தீர்த்தேன். மறுநாளும் அவர் விடவில்லை. திட்டம் இதுதான். யாருடைய கொழுந்தையும் தனியாக நிறுப்பதில்லை. செட்டின் கொழுந்து முழுவதையும் ஒன்றாக நிறுத்து, தலைக்குச் சமமாகப் பிரித்து எழுதுவது. கல் நிரை ஒருத்திக்கே போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, நிரையை நாளுக்கு நாள் மாற்றிக்கொள்வது. முன்னால் நின்று பார்த்துக்கொள்ள வாரத்துக்கு ஒருத்தி. துரை சின்ன வயசுச் சிங்களப் பையன், புதுசாக எதையும் செய்து பார்க்கிற ஆர்வம் உள்ளவர். திருவிழாவரை நடத்திப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்.

பெண்களைக் கூட்டிக் கேட்டபோது பாக்கியம்தான் முதலில் எழுந்தாள்.

“என் கையி ஓடுற ஓட்டத்துக்கு நான் எடுக்கிறேன். ஒக்காந்து கதை பேசுறவளுக்கு நான் ஏன் பங்கு குடுக்கணும்?”

“இன்னைக்கு ஒன் கை ஓடுது பாக்கியம். ஓடாத நாளு வராதா?” என்றார் ஐயா.

“வரும்போது பாத்துக்கிறேன்.”

எங்கள் செட்டில் கலா என்றொரு பிள்ளை இருந்தாள். தலைப்பிரசவம் முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். குழந்தை நிறை குறைவாகப் பிறந்தது. தாய்ப்பால் தவிர வேறொன்றும் கூடாது, நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமாது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தைகளை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்காம்பரா கீழ் லயத்துக்குப் பக்கத்தில், நாங்கள் வேலை செய்த மலையோ உச்சியில். அவள் இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் நாங்கள் நிரையில் பாதியைத் தாண்டியிருப்போம். தினம் அரைப்பேர். புருசன் தகரக் கடையில் வேலை செய்தவன், வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கொஞ்ச நாளில் அவள் இறங்குவதைக் குறைத்தாள். பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று ஆயா என்னிடம் சொன்னாள். மலையில் நின்றபடியே பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்து நிற்பாள், அதை இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கால் மூடிக்கொள்வாள். அன்றைக்குக் கூட்டத்தில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பாக்கியம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “என்னமோ செய்யுங்க” என்று உட்கார்ந்தாள்.

அப்படித் தொடங்கியது கூட்டுக் கொழுந்து. ஆரம்பத்தில் இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது! பின்னால் யாரும் நின்று பார்க்காத மலை எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது. சிரிப்பும் பாட்டுமாக மலை இரைந்தது. கலா பால் நேரத்துக்குத் தயங்காமல் இறங்கினாள். “ஓடாத புள்ள, மெதுவாப் போ, வழுக்கும்” என்று மற்றப் பெண்களே சொல்லி அனுப்பினார்கள். குழந்தைக்குக் கன்னம் வைக்கத் தொடங்கியது. எனக்குமே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குடை இல்லாமல் கொழுந்தெடுத்தது பிடித்திருந்தது. கங்காணியான பிறகு என்னோடு யாரும் வெற்றிலை பகிர்ந்துகொண்டதில்லை. இப்போது மடியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். ஐயா மூக்கை உறிஞ்சியபடி வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

கோளாறு எங்கள் கையிலேயே இருந்தது. நாளுக்கு நாள் நிரை மாறுகிறதல்லவா? இன்றைக்கு நான் நிற்கிற நிரையில் அடுத்த சுற்றுக்கு வேறொருத்தி நிற்பாள். கைக்கு எட்டுகிற இளங்கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். செடிக்கு நடுவே கையை விட்டு எடுக்க வேண்டியது நின்றுவிட்டது. முற்றலை ஒடித்து எறிவது, கொடியைப் பிடுங்குவது எல்லாம் நாளைக்கு வருகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று ஆனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, கூடிப் பேசியும் செய்யவில்லை. வேறு எந்த வேலையாக இருந்தாலும் நிரை மாற்றுவது நியாயமாகத்தான் இருந்திருக்கும். தேயிலைச் செடிக்கு அது ஆகாது. சில சுற்றுக்குள் நிறை விழுந்தது. தொழிற்சாலையிலிருந்து இலை மோசம் என்று ஆள்மேல் ஆள் வந்தது. பங்கு குறையக் குறைய நிறுவை இடத்தில் முணுமுணுப்பு. ஒரு நாள் பாக்கியம் வெடித்தே விட்டாள்.

“என் கொழுந்துல எல்லாரும் குளிர் காயிறீங்க! எனக்கு என் நிரை வேணும், என் நிறை வேணும்!”

அன்று மாலை ஐயா மலைக்கு வந்தார். மட்டக்கம்பை வாங்கிச் செடிகளின் மேல் போட்டார். அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. எடுத்து வேறிடத்தில் போட்டார். அங்கேயும் ஆடியது. கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரையும் குறை சொல்லாமல் நேரே பங்களாவுக்குப் போய், திட்டம் தோற்றுவிட்டது, அதற்குப் பொறுப்பு நான் என்று துரையிடம் சொல்லிவிட்டார். துரை கூப்பிட்டுக் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. அந்தக் குணத்துக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

மறுநாள் குடை என் கைக்குத் திரும்பியது. அவரவர் நிரையை அவரவருக்குக் கொடுத்தேன். எனக்குச் சந்தோசப்படத்தான் காரணம் இருந்தது. ஆனால் கலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பால் நேரம் வந்தபோது அவள் கீழேயும் பார்த்தாள், தன் சாக்கையும் பார்த்தாள். என்னிடம் வந்து, “போவட்டுங்களா, இல்ல இன்னைக்கு விட்டுறட்டுங்களா?” என்று கேட்டாள். போ என்றால் அரைப்பேர் விழும், போகாதே என்றால் பிள்ளையின் வயிறு காயும். “போயிட்டு வா, பாத்துக்கலாம்” என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

அந்தி நிறுவையில் கலாவின் சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். நிறை சரியாக இருந்தது. எனக்குப் புரியவில்லை. அடுத்த நாளும் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் இறங்கிப் போனதும், நிரை ஓரத்தில் அவள் வைத்துவிட்டுப் போன சாக்கைத் தாண்டுகிற ஒவ்வொருத்தியும் ஒரு கைப்பிடிக் கொழுந்தை அதற்குள் போட்டுவிட்டுப் போனாள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருத்தி போட்டதை இன்னொருத்தி பார்த்திருப்பாள், அவ்வளவுதான்.

இது தோட்டத்தில் பெரிய குற்றம். ஒருத்தியின் கொழுந்தை இன்னொருத்தியின் பெயரில் நிறுக்கக் கூடாது. பிடிபட்டால் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், கண்டுகொள்ளாமல் விட்ட கங்காணியையும் சேர்த்துத்தான். நான் மலையின் அந்தப் பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் மலையில் எதையும் அதிக நாள் மறைக்க முடியாது. ஒரு நாள் துரை ஐயாவைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் மேல் பாதை வழியாக நடந்து வந்தார். அவர் வந்து நின்ற இடத்துக்கு நேரே கீழே, கலாவின் சாக்குக்குள் இரண்டு கையாலும் கொழுந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. வேறு யார், பாக்கியம்தான்.

எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. கலா அப்போதுதான் ஏறி வந்துகொண்டிருந்தவள், துரையைக் கண்டதும் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துரை அரைகுறைத் தமிழில் பாக்கியத்திடம் கேட்டார்.

“கூட்டா நிறுக்க நீதானே வேணாம் சொன்னது? இப்ப என்ன இது?”

பாக்கியம் படங்கில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப எங்கிட்டேருந்து எடுத்தாங்க சேர். இப்ப நானாக் குடுக்கிறேன்.”

துரை என் பக்கம் திரும்பினார். என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. சிங்களத்திலேயே சொன்னேன். “சேர், இந்த மலைக் கொழுந்து இந்த மலைச் சாக்குக்குள்ளேதான் போகிறது. மொத்தத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இலை சுத்தமாக இருக்கிறதா என்று வேண்டுமானால் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பால் மறக்கும்வரைதான். தண்டனை என்றால் எனக்குப் போடுங்கள்.”

அவர் குனிந்து சாக்கிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். சுத்தமான இளங்கொழுந்து. திரும்பி ஐயாவைப் பார்த்தார். கடைசியில் துரை, “நான் தராசைத்தான் பார்ப்பேன். தராசுக்கு முன்னால் நடப்பது கங்காணியின் வேலை” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். கலா சத்தம் போட்டு அழுதாள். “அழுவாதடி, பாலு வத்திரும்” என்று பாக்கியம் அதட்டினாள்.

அதன் பிறகு எங்கள் மலையில் பால் கொடுக்கிற தாய் யாரும் அரைப்பேர் வாங்கியதில்லை. ஐயா சீக்கிரமே வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்றும் அவர் முகத்தில் தோல்விதான் இருந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஒருத்தி பிள்ளை பெற்று மலைக்குத் திரும்பினால், அவள் சாக்கு நிரை ஓரத்தில் காத்திருக்கும், கைப்பிடிகள் விழும். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு மருமகள் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டபோது, கலாதான் பதில் சொன்னாள். “இங்க அப்பிடித்தான். போடு.” கூட்டுக் கொழுந்தின் கதை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, கலாவும் சொல்லவில்லை.

ஜெயந்தி வந்துபோன பிறகு எனக்கு ஐயாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தலவாக்கலையில் ரயிலேறி வட்டவளைக்குப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். முதுகு வளைந்துவிட்டது, சளி அப்படியே இருக்கிறது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே கங்காணி இல்லாத மலை வரப்போகிறது என்று சொன்னேன். கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆளுக்கொரு துண்டா வெட்டிக்கிறதுக்காம்மா நான் அத சொன்னேன்?”

கலாவின் சாக்கு இன்றுவரை எங்கள் மலையில் இருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் ஒரு நாள் இரக்கம் என்று நினைத்திருக்கிறார், வழக்கமாக நின்றுவிட்டது என்று தெரியாது. கேட்டுவிட்டுச் சந்தோசப்படுவார் என்று பார்த்தால், முகம் சுண்டிவிட்டது.

“நான் மலையவே கேட்டேன் சரோஜா. ஒரு புடியா மிஞ்சுச்சு?”

“மலையக் கேட்டதாலதான் புடியாச்சும் கெடச்சுது ஐயா. நீங்க வர்றதுக்கு முந்தியும் பால் குடுக்கிற பொம்பளைங்க இருந்தாங்க. ஒரு கையி ஒரு எலை போட்டதில்ல. எல்லாருக்கும் ஒரே நிறைன்னு நாலு மாசம் இருந்து பாத்தோமே, அந்த ருசிதான்.”

“துண்டு பிரிச்சிட்டா அதுவும் போயிருமே?”

“எல்லைக்குக் கல்லுதானே நடுறாங்க. கை எட்டும்.”

கிளம்புகிற நேரம் வட்டவளை மழை பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்றாலும் கேட்காமல் ரயில் நிலையம்வரை வருகிறேன் என்று எழுந்தார். குடையைக் கையில் எடுத்தார், விரிக்கவில்லை. அந்தப் புத்தி எங்கே போகும்! நான் என் கங்காணிக் குடையை விரித்து, இருவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேட்டுப் பாதையில் மெதுவாக நடந்தோம். ரயில் வரும் சத்தம் கேட்கிற நேரத்தில் சட்டென்று நின்றார்.

“அந்தப் புடியில முத்தல் கலக்காமப் போடுறாங்களா?”

“பாக்கியம் இன்னும் மலையிலதான் இருக்கா ஐயா. கலக்க விடுவாளா?”

இருமல் வரும்வரை சிரித்தார். ரயில் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். மேடையில் நனைந்துகொண்டு, மடக்கிய குடையை ஆட்டி ஆட்டி எனக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தார்.